மச்சினன் பிடிக்கும் கயிறு

கால்வே நகரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் குலுக்கியெடுத்த பேருந்து, அனிஷாவையும் அவளுடைய உருட்டுப் பெட்டியையும் படகுத்துறையில் இறக்கிவிட்டுத் தன் பாட்டுக்குப் போய்விட்டது. அது கண்ணை விட்டு மறைந்த பிறகுதான் அவள் அறிவிப்புப் பலகையைப் பார்த்தாள். அலை அதிகம் என்பதால் இன்றும் நாளையும் அவள் போக இருந்த தீவுக்குப் படகு கிடையாது.

அவளுக்கு எரிச்சல்கூட வரவில்லை. எரிச்சல் படவும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே. பத்து நாள் தனியாக அயர்லாந்தைச் சுற்றிப் பார்ப்பது என்று டப்ளினில் உட்கார்ந்து நாள் வாரியாகத் திட்டம் போட்டிருந்தாள். முதல் நாள் பார்க்கப்போன கடற்பாறைகளை மழை மூடிவிட்டது. கார் நிறுத்துமிடத்தையும் கழிப்பறையையும் பார்த்துவிட்டுத் திரும்பினாள். இரண்டாம் நாள், முன்பதிவு செய்த விடுதியில் தண்ணீர்க் குழாய் வெடித்து, ஒரு மதுக்கடையின் மாடியில் அறை பிடித்து, கீழே வாசித்த பிடிலைக் கேட்டுக்கொண்டு கண் மூடாமல் கிடந்தாள். இன்று மூன்றாம் நாள். தீவும் போயிற்று.

நாற்பத்தொரு வயது அவளுக்கு. தூத்துக்குடிக் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவள். நான்கு வருடமாக டப்ளினில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை. யாருக்கு விடுப்பு வேண்டுமென்றாலும் அவர்களுடைய முறையையும் சேர்த்துப் பார்க்கிற ஆள் என்று பெயர் எடுத்திருந்தாள். இந்த ஜூன் மாதம் மேற்பார்வையாளரே கூப்பிட்டு, விடுப்பை எடுக்காவிட்டால் எச்சரிக்கைக் கடிதம் கொடுப்பேன் என்று மிரட்டி அனுப்பினார். ஊருக்குப் போகலாமே என்று கேட்டவர்களிடம் டிக்கெட் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டாள். அது பொய். ஊருக்குப் போனால் அண்ணன் கிங்ஸ்டனின் முகத்தைப் பார்க்க வேண்டும். அதற்கு அவளால் ஆகாது.

அடுத்த பேருந்து மறுநாள் காலை ஒன்பது மணிக்கு. பெட்டியை இழுத்துக்கொண்டு மேடேறினாள். இரண்டாவது வளைவில் வெள்ளையடித்த ஒரு கல் வீடு, வாசலில் ‘அறை உண்டு’ என்று ஒரு பலகை.

கதவைத் திறந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். பெயர் டெக்லன். ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தார்.

“படகு இல்லை, அப்படித்தானே?” என்றார். “இந்த வாரம் நீங்கள் நான்காவது ஆள்.”

வீட்டுக்குள் இடமில்லை. பக்கத்தில் தனியாக நின்ற பழைய படகுக் கொட்டகையைத்தான் அறையாக மாற்றியிருந்தார். கட்டில், மேசை, ஒரு மின் கணப்பு. சுவர் முழுக்கச் சுண்ணாம்பு பூசியும் பழைய தாரின் வாடை போகவில்லை. அதோடு கடற்பாசி அழுகிய வாடையும் சேர்ந்து வந்தது. அனிஷாவுக்கு அது பழகிய வாடை என்பதால் மூக்கைச் சுளிக்கவில்லை.

“காலையில் இங்கே கடல்மூட்டம் இறங்கும்,” என்றார் டெக்லன். “இறங்கினால் உங்கள் கையே உங்களுக்குத் தெரியாது. கதவைத் திறந்ததும் வலது பக்கம் இடுப்பு உயரத்தில் ஒரு கயிறு கட்டியிருக்கிறேன். அதைப் பிடித்துக்கொண்டு இருபத்தைந்து எட்டு வைத்தால் சமையலறைக் கதவு. அங்கே வந்தால் தேநீர் கிடைக்கும்.”

அவள் தலையாட்டினாள். எதைச் சொன்னாலும் தலையாட்டுகிற களைப்பு அது.

சாயங்காலம் அவருடைய சமையலறையில் மீன் சூப்பும் ரொட்டியும் கிடைத்தன. சதுப்பு மண்ணை வெட்டிக் காயவைத்து அடுப்பில் எரித்துக்கொண்டிருந்தார். மணி எட்டாகியும் சன்னலில் பட்டப்பகல் போல வெளிச்சம். எந்த ஊர் என்று டெக்லன் கேட்டார். சொன்னாள். அந்த ஊரில் என்ன விசேஷம் என்று கேட்டார். உப்பு, துறைமுகம், முன்னொரு காலத்தில் முத்து, இப்போது சங்கு என்றாள்.

“மூழ்கி எடுப்பார்களா?”

“என் கணவர் எடுத்தார். ஜெனிஸ் என்று பெயர்.”

எப்படி என்று அவர் கேட்டதும், எதற்கென்று தெரியாமலேயே அவள் சொல்ல ஆரம்பித்தாள். யாரென்றே தெரியாத ஒருவரிடம் சொல்வது சுலபமாக இருந்தது. சங்கு குளிக்கிறவன் இடுப்பில் ஒரு கயிறு. மறுமுனையைப் படகில் ஒருவன் பிடிக்க வேண்டும். அவன் யாராக வேண்டுமானாலும் இருக்க முடியாது. குளிக்கிறவனுடைய மனைவியின் அண்ணனோ தம்பியோதான் பிடிக்க வேண்டும். தன் உடன்பிறந்தவள் தாலியறுப்பதை எவனும் விரும்ப மாட்டான் அல்லவா? அதனால் அந்தக் கை அசராது என்று நம்பிக்கை. கயிற்றை மணிக்கட்டில் மூன்று சுற்றுச் சுற்றி, குளிக்கிறவன் பெயரை ஒரு தரம் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அவன் மேலே வருகிற வரைக்கும் கயிறு அந்தக் கைக்குச் சொந்தம். வேறு ஒருவர் வாங்க முடியாது. பிடித்தவருடைய கூடப் பிறந்தவர் மட்டும் வாங்கலாம்.

“கீழே இருப்பவர் மேலே இருப்பவரிடம் எப்படிப் பேசுவார்?”

“எல்லாம் கயிறுதான். ஒரு இழுப்பு என்றால் கயிற்றை இன்னும் விடு. இரண்டு இழுப்பு என்றால் பை நிறைந்துவிட்டது. விடாமல் இழுத்தால் என்னைத் தூக்கு.”

டெக்லன் ரொட்டியில் வெண்ணெய் தடவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“நல்ல ஏற்பாடு. யாரும் சாகவில்லையா?”

அனிஷா தட்டைக் கழுவ எழுந்துவிட்டாள்.

*

ஒன்பது வருடத்துக்கு முன்னால், ஒரு வியாழக்கிழமை. வெளிநாட்டு நர்ஸ் வேலைக்கான தேர்வில் அவள் தேறியிருந்தாள். ஜெனிஸுக்கு அவள் போவதில் இஷ்டமில்லை. வீட்டில் இரண்டு நாளாகப் பேச்சுவார்த்தை கிடையாது. அவன் கடலுக்குப் போன பிறகு, காலை பதினோரு மணிக்கு, அவள் அண்ணனைப் போனில் கூப்பிட்டாள். கரை கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான், போன் எடுக்கும். ஜெனிஸ் அப்போது கீழே இருந்தான். கிங்ஸ்டன் கையில் கயிறு இருந்தது. போன் பேசுவதற்காகக் கயிற்றை அவிழ்த்துப் படகின் குறுக்குச் சட்டத்தில் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டு, காற்றுக் கம்ப்ரசரின் இரைச்சலுக்குத் தள்ளி, முன்பக்கம் போய் நின்றான்.

“அண்ணே, அவரு மேல வந்ததும் நீதான் சொல்லணும். நான் சொன்னா கேக்க மாட்டாரு.”

“சொல்லுதேன். இப்ப வையி.”

“சும்மா சொல்லாத. சத்தியம் பண்ணு.”

“ஏளா, கயிறு ஆடுது. வைக்கேன்.”

“வைக்காத. ஒரு நிமிசம்.”

ஒரு நிமிடம் என்றாளே தவிர, பேசியது நான்கு நிமிடம். கீழே ஜெனிஸ் மூச்சு வாங்கும் காற்றுக் குழாய் பாறை இடுக்கில் மாட்டி மடங்கியிருந்தது. தூக்கும்போது ஜெனிஸின் கண் திறந்திருந்தது என்று படகில் இருந்தவர்கள் சொன்னார்கள்.

கிங்ஸ்டன் யாரிடமும் போனைப் பற்றிச் சொல்லவில்லை. “கண்ணு அசந்துட்டேன்” என்று ஒரே வரி. குடித்திருப்பான் என்று ஊர் முடிவு கட்டியது. ஜெனிஸின் அம்மா அவன் முகத்தில் மண்ணை வாரி வீசினாள். அன்றிலிருந்து அந்தக் கடற்கரையில் எந்தப் படகிலும் அவனை ஏற்றுவதில்லை. பெண் கொடுக்கவும் யாரும் வரவில்லை. ஐஸ் பிளான்ட்டில் வாட்ச்மேன் வேலை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனும் தங்கையும் போனில் மழையைப் பற்றியும் மீன் வரத்தைப் பற்றியும் பேசிக்கொள்வார்கள். அந்த நான்கு நிமிடத்தைப் பற்றி இருவரும் வாய் திறந்ததில்லை. அந்தப் பழியை அவன் தனக்காகச் சுமக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் சுமக்க விட்டாள். ஒரு வார்த்தை சொன்னால் அவனுக்கு ஊரும் கடலும் திரும்பக் கிடைக்கும். அந்த ஒரு வார்த்தைதான் ஒன்பது வருடமாக அவள் தொண்டையை விட்டு வெளியே வரவில்லை.

ஐந்து வருடம் கழித்து அயர்லாந்துக்கு வந்தது அந்தத் தேர்வை வைத்துத்தான்.

*

கண் விழித்தபோது மணி ஆறேகால். அறைக்குள் சன்னல் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைச் சதுரம் மட்டும் இருந்தது. காற்று அடங்கியிருந்தது. அலைச் சத்தமும் இல்லை. இவ்வளவு அமைதியாக இருக்கிற கடற்கரையை அவள் பார்த்ததே இல்லை.

தேநீர் வேண்டும்போல இருந்தது. ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள்.

வெளியே ஒன்றுமில்லை. வானம் இல்லை, தரை இல்லை, டெக்லனின் வீடு இல்லை. கையை நீட்டினால் முழங்கை வரைக்கும்தான் தெரிந்தது. அதற்கு அப்பால் விரல்கள் இருப்பது நம்பிக்கையில்தான். இருட்டாக இருந்திருந்தால்கூட இவ்வளவு திகைப்பு வந்திருக்காது. விடிந்த வெளிச்சத்தில் குருடாகிப்போவது வேறு விதமான பயம்.

இடுப்பு உயரத்தில் கை துழாவியது. கயிறு கிடைத்தது. அதைப் பிடித்துக்கொண்டு எட்டுகளை எண்ணி நடந்தாள்.

பத்து. பதினைந்து. இருபத்தைந்து.

கதவு வரவில்லை.

முப்பது. முப்பத்தைந்து. தன் எட்டு சின்னது, டெக்லனின் எட்டு பெரிது என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். காலடியில் சரளைக் கல் மாறி, வழுவழுப்பான பாறை வந்தது. தரை கீழ்நோக்கிச் சரிந்தது. கயிறு உள்ளங்கையில் குத்தியது. தூக்கக் கலக்கத்தில் அப்போது அவளுக்கு உறைக்கவில்லை. அது தேங்காய் நார்க் கயிறு. ஈரமாக இருந்தது. உப்புப் பிசுபிசுப்பு.

கயிறு ஒரு தரம் இழுபட்டது.

“டெக்லன்?” என்றாள். குரல் மூட்டத்தில் விழுந்து அங்கேயே அமுங்கிப் போயிற்று.

பிறகு கயிறு விடாமல் இழுபட ஆரம்பித்தது.

சின்னச் சின்ன இழுப்பு. ஓய்வில்லாமல். அவசரமாக. இன்னும் அவசரமாக.

வேறு ஊர்க்காரியாக இருந்தால் கயிற்றைப் போட்டுவிட்டு ஓடியிருப்பாள். இவள் பிறந்த கரையில் இழுக்கிற கயிற்றைக் கை விடாது. பெண்கள் அந்தக் கயிற்றைத் தொடுவதில்லை என்பது உண்மைதான். ஆனாலும் கிங்ஸ்டன் சின்ன வயதில் துணி காயப்போடும் கொடியை வைத்துப் பழகியதை அவள் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். யோசிப்பதற்கு முன்னால் கை அதைச் செய்துவிட்டது. கயிற்றை இடது மணிக்கட்டில் மூன்று சுற்றுச் சுற்றினாள்.

“ஜெனிஸ்,” என்றாள்.

சொன்ன உடனே மூட்டத்துக்குள் வாடை மாறியது. டீசல் புகை. வெயிலில் காயும் சங்குச் சதையின் அழுகல். ஒன்பதாயிரம் கிலோமீட்டருக்கு இப்பால், குளிர்ந்த பாறையில் நின்றுகொண்டு, அவள் தூத்துக்குடியின் காலை பதினோரு மணியை முகர்ந்தாள்.

இழுத்தாள். கை மாற்றிக் கை மாற்றி இழுத்தாள். மறுமுனையில் கனம் இருந்தது, ஓர் ஆளின் கனம். தோள் விட்டுப்போகிற மாதிரி வலித்தது. எவ்வளவு இழுத்தும் கயிறு வந்துகொண்டே இருந்ததே தவிர முடியவில்லை. இழுத்த கயிறு காலடியில் சேரவும் இல்லை. விடாமல் அதே துடிப்பு. தூக்கு. தூக்கு. தூக்கு.

“முடியலியே!” என்று அழுதாள். “என்னால முடியலியே! நான்தான் வைக்க விடல. அண்ணன் கயிறு ஆடுதுன்னு சொன்னான். எனக்குக் கேட்டுச்சு. கேட்டுக்கிட்டுத்தான் பேசினேன்.”

கயிறு நின்றது.

கொஞ்ச நேரம் எதுவுமே இல்லை. அவளுடைய மூச்சு மட்டும்.

அப்புறம் கயிறு அந்தப் பக்கம் போக ஆரம்பித்தது. இப்போது துடிப்பு இல்லை. கிணற்றில் தண்ணீர் சேந்துகிற மாதிரி நிதானமாக, ஒரு கை, மறு கை என்று, மறுமுனையில் யாரோ அவளை இழுத்தார்கள். பாறையில் கால் வழுக்கியது. மூன்று சுற்றும் மணிக்கட்டில் இறுகிவிட்டன. அவிழ்க்க முடியவில்லை. தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. முழங்காலுக்கு வந்தது. எலும்பைச் சுண்டுகிற குளிர்.

தண்ணீர் மட்டத்தில், மிக அருகில், ஒரு கிசுகிசுப்பு.

“வைக்காத…”

அவள் மணிக்கட்டுச் சுற்றைப் பல்லால் கடித்து இழுத்தாள்.

“…ஒரு நிமிசம்.”

மேட்டில் எங்கேயோ சட்டியில் கரண்டியால் தட்டுகிற சத்தம் கேட்டது. “காலைச் சாப்பாடு!” என்று டெக்லன் கத்தினார். கயிறு சட்டென்று தளர்ந்தது. அவள் பின்பக்கமாக விழுந்து, நான்கு காலில் தவழ்ந்து, அந்தச் சத்தத்தை நோக்கி ஏறினாள்.

*

டெக்லன் அவள் தோளில் துண்டைப் போட்டு அடுப்புக்கு முன்னால் உட்கார வைத்தார். மூட்டம் கலைய ஆரம்பித்திருந்தது. அவள் சன்னல் வழியே பார்த்தாள். கொட்டகைக் கதவின் வலது பக்கத்திலிருந்து சமையலறைக்கு ஒரு கயிறு ஓடியது. நீல நிற நைலான் கயிறு. புத்தம் புதுசு.

“இடது பக்கம்?” என்று கேட்டாள்.

“இடது பக்கம் ஒன்றுமில்லை. கடலுக்குப் போகிற சரிவு மட்டும்தான்,” என்றார். “திசை தப்பிவிட்டீர்கள்.”

அப்போதுதான் அவர் அவளுடைய மணிக்கட்டைப் பார்த்தார். மூன்று வரிகள், சிவந்து, தோல் உரிந்து. அதில் பழுப்பு நிறத்தில் இரண்டு மூன்று நார் ஒட்டியிருந்தது. அவர் ஒன்றை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தார்.

“இந்த மாதிரிக் கயிறு எங்களிடம் கிடையாது,” என்று மட்டும் சொன்னார்.

எட்டு மணிக்கு, பேருந்து நிறுத்தத்துக் கூரைக்கு அடியில் நின்று, அவள் அண்ணனைக் கூப்பிட்டாள். தூத்துக்குடியில் பன்னிரண்டரை. போன் நெடுநேரம் அடித்தது.

“என்னளா?” கிங்ஸ்டனின் குரல் கரகரத்தது. “இன்னைக்கு ஞாயித்துக்கெழம இல்லியே.”

“உறங்குனியா அண்ணே?”

“உறங்கிட்டேன்ளா.” அதை அவன் அதிசயமாகச் சொன்னான். “ராத்திரி டூட்டி முடிஞ்சு வந்து கட்டில்ல உக்காந்தேன். பதினோரு மணியாச்சு. ஒண்ணும் வரல. அப்படியே சாஞ்சிட்டேன். ஒம்பது வருசத்துல இன்னைக்குத்தான் வரல.”

“என்ன வரல?”

யாரோ தெருவில் மீன் கூவி விற்பது போனில் கேட்டது.

“சொல்லுண்ணே.”

“தெனமும் பதினோரு மணிக்கு என் கையில கயிறு இழுக்கும்ளா. கயிறு இருக்காது. இழுக்கும். தூக்கு தூக்குன்னு. நானும் வெறுங்கைய வச்சு இழுப்பேன். வராது. அன்னைக்கு மேல வந்தது ஒடம்பு மட்டும்தான் போல. ஒன்கிட்ட சொன்னா நீ தாங்க மாட்டேன்னு சொல்லல.”

இங்கே காலை ஆறரை என்றால் அங்கே பதினோரு மணி. அவள் விரல் விட்டு எண்ண வேண்டியிருக்கவில்லை. நான்கு வருடமாக அண்ணனைக் கூப்பிடும்போதெல்லாம் போட்ட கணக்குத்தான்.

“அண்ணே. இன்னைக்கு இங்கன வந்துச்சு.”

மறுமுனையில் கட்டில் கிறீச்சிட்டது. எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

“கையில சுத்துனியா?”

“சுத்துனேன்.”

“எத்தன சுத்து?”

“மூணு.”

“பேரு சொன்னியா?”

“சொன்னேன்.”

அவன் மெதுவாக, குழந்தைக்குச் சொல்வது மாதிரி சொன்னான்.

“பயப்படாத. கூடப் பொறந்தவன் வாங்கலாம். நீ என் பேரச் சொல்லி, ‘வாங்கிக்க’ன்னு சொல்லு. நான் வாங்கிக்கிடுதேன். எனக்குப் பழகிப்போச்சு. நீ ஊர் சுத்திப் பாக்கப் போன புள்ள, நல்லா சுத்திப் பாத்துட்டு வா. சொல்லுளா.”

ஒரே ஒரு வார்த்தை. சொன்னால் அவளுக்கு விடுதலை. மீதி ஏழு நாளும் அவளுடையது. அவள் நாக்கு நுனிவரைக்கும் அது வந்துவிட்டது. இரவு முழுக்க ஐஸ் பிளான்ட் வாசலில் உட்கார்ந்துவிட்டு, பகலில் வெறுங்கையை இழுத்துக்கொண்டு, ஒன்பது வருடம் உறங்காத ஒரு மனிதனை அவள் நினைத்துப் பார்த்தாள். தன்னைவிட ஆறு வயதுதான் மூத்தவன். போனில் கிழவன் மாதிரி இருமுகிறான்.

“மாட்டேன்,” என்றாள்.

“ஏ மூதி, சொல்லுதத கேளு!”

“நீ உறங்குண்ணே. நான் புடிச்சிருக்கேன். மாமிகிட்டயும் நான் சொல்லிருதேன். போன் பண்ணுனது நான்னு சொல்லிருதேன்.”

அவன் கத்தினான், கெஞ்சினான், கடைசியில் அழுதான். அவள் போனை வைத்தாள். அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் போனை வைத்தது அதுதான் முதல் தடவை.

ஜெனிஸின் அம்மாவுக்கு உடனே போன் போட்டாள். தள்ளிப்போட்டால் மறுபடியும் ஒன்பது வருடம் ஆகும் என்று தன்னைப் பற்றி அவளுக்குத் தெரியும். ஆரம்பம் முதல் கடைசி வரை எல்லாவற்றையும் சொன்னாள். கயிறு ஆடுது என்று அவன் சொன்னதையும், தான் வைக்காதே என்று சொன்னதையும் சொன்னாள். கிழவி குறுக்கே பேசவே இல்லை.

“அந்தப் பய மூஞ்சியில மண்ண அள்ளிப் போட்டேனே,” என்றாள் கடைசியில். “இத்தன வருசம் கழிச்சுத்தான் ஒனக்கு வாய் வந்துச்சா?”

போன் துண்டிக்கப்பட்டது.

*

திட்டம் நான்காவது முறையாக மாறியது. கால்வே ரயில் நிலையத்தில் சீட்டுக் கொடுக்கும் பெண்ணிடம், கடலே இல்லாத ஊர் எது என்று அனிஷா கேட்டாள். அந்தப் பெண் சிரித்தாள். எல்லாரும் கடல் பார்க்கத்தான் வருவார்கள், நீங்கள் ஒருத்திதான் இப்படிக் கேட்கிறீர்கள் என்றாள். யோசித்து, டல்லமோருக்குச் சீட்டுக் கொடுத்தாள். நாட்டின் நடு வயிறு அது. எந்தப் பக்கம் போனாலும் கடலுக்கு நெடுந்தூரம்.

ரயிலில் இரண்டு பக்கமும் புல்வெளியும் பழுப்புச் சதுப்பும் ஓடின. அனிஷா ஒன்றையும் பார்க்கவில்லை. வாய் திறந்தபடி உறங்கினாள். பயம் இல்லை என்று சொல்ல முடியாது. பயந்துகொண்டே உறங்கினாள், களைப்பு அப்படி.

டல்லமோரில் ஒரு ரொட்டிக்கடையின் மாடியில் அறை கிடைத்தது. ஊரைச் சுற்றிப் பார்த்தாள். ஒரு தேவாலயம், ஒரு சந்தை, மழையில் நனைந்த மூன்று தெரு. உருளைக்கிழங்கு வறுவல் வாங்கிச் சாப்பிட்டாள். கிங்ஸ்டனிடமிருந்து பதினேழு அழைப்புகள் வந்திருந்தன. எதையும் எடுக்கவில்லை. எடுத்தால் கொடுத்துவிடுவோமோ என்று தன்மேலேயே அவளுக்குச் சந்தேகம்.

சாயங்காலம் ஒரு செய்தி மட்டும் வந்தது. ‘ஜெனிஸ் அம்மா வீட்டுக்கு வந்தா. என் கையப் புடிச்சிக்கிட்டு ஒரு மணி நேரம் அழுதா. போன எடுளா.’

அதைப் படித்துவிட்டு அவளும் அழுதாள். நல்ல அழுகை. இத்தனை வருடத்தில் ஒரு காரியம் ஒழுங்காகச் செய்தோம் என்று இருந்தது.

மறுநாள் காலை ஆறு மணிக்கே எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அடம்பிடிக்கும் நோயாளிக்கு ஊசி போடப் போகிற நர்ஸ் மாதிரி ஸ்வெட்டர் கையைச் சுருட்டிக்கொண்டு, இடது கையைப் போர்வைமேல் வைத்துக் காத்திருந்தாள். கீழே ரொட்டி வேகிற வாசனை வந்தது. தெருவில் ஒரு பால் வண்டி போயிற்று. வெளிச்சம் நன்றாக இருந்தது. மூட்டம் இல்லை. எதிர்க் கடையின் பெயர்ப்பலகையைப் படிக்க முடிந்தது.

ஆறு இருபத்தைந்து.

ஆறு இருபத்தெட்டு.

ரொட்டி வாசனை போய்விட்டதை அவள் கவனித்தாள். அந்த இடத்தில் டீசல் புகை வந்திருந்தது.

மணிக்கட்டில் மூன்று சுற்றும் இறுகின. கயிறு எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. தோல் மட்டும் பள்ளமாக அமுங்கியது.

இழுத்தது.

அவள் மேற்கே திரும்பி உட்கார்ந்திருந்தாள். கடல் அந்தப் பக்கம்தான். ஆனால் கை மேற்கே போகவில்லை. கட்டிலின் ஓரத்தைத் தாண்டி, நேர் கீழே, தரையைப் பார்த்துத் தொங்கியது. கயிறு சாய்ந்திருந்தால் ஆள் தூரத்தில் இருக்கிறான். கயிறு செங்குத்தாக நின்றால் ஆள் படகுக்கு அடியிலேயே வந்துவிட்டான். இதைக் கடற்கரையில் ஆறு வயதுப் பிள்ளைகூடச் சொல்லும்.

இப்போதும் ஒரு வழி இருந்தது. அண்ணன் பெயரைச் சொன்னால் போதும்.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, வலது கையையும் சேர்த்து, கண்ணுக்குத் தெரியாத அந்தக் கயிற்றைப் பிடித்தாள். கால்களைக் கட்டில் சட்டத்தில் ஊன்றிக்கொண்டாள். இழுத்தாள். நேற்றுப்போல முடிவில்லாமல் வரவில்லை. முழம் முழமாகக் குறைந்தது. கனம் ஏறிக்கொண்டே வந்தது. கட்டில் முனகியது. தரைப் பலகைகளின் இடுக்கில் தண்ணீர் கசிந்து, சன்னல் வெளிச்சத்தில் மின்னி, அவளுடைய செருப்பைச் சுற்றித் தேங்கியது.

இன்னும் ஒரு முழம்.

இன்னும் அரை முழம்.

கயிறு நின்றது. இழுக்க இனி ஒன்றும் மிச்சமில்லை.

அனிஷா அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

கட்டிலுக்கு அடியில், ஒன்பது வருடமாக அடக்கி வைத்திருந்த மூச்சை, யாரோ நீளமாக உள்ளே இழுத்தார்கள்.